வைஃபை ஃபுல், நெட் இல்லை: வீட்டு இணையத்தின் சுருக்கப் பெயர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மாவிடமிருந்து போன். “தம்பி, வைஃபை ஃபுல்லா காட்டுது, டிவியில ஒண்ணும் வரலை. கம்பெனிக்குப் போன் பண்ணினா அந்தப் பொண்ணு ஏதேதோ கேக்குது. ஐபி வாங்குதான்னு கேட்டுச்சு. அதெல்லாம் நாங்க வாங்கலம்மா, ரூட்டர் மட்டும்தான் வாங்கினோம்னு சொல்லிட்டேன்.”

சிரித்துவிட்டேன், ஆனால் தப்பு பெரியம்மா பேரில் இல்லை. ஐபி, டிஎன்எஸ், ஓஎன்டி, எல்ஓஎஸ் என்று அடுக்கினால் யாருக்குத்தான் புரியும்? போட்டித் தேர்வு கைடுகளில் இவற்றுக்கெல்லாம் விரிவு போட்டிருப்பார்கள். டிஎன்எஸ் என்றால் டொமைன் நேம் சிஸ்டம். சரி, மனப்பாடம் ஆகிவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? விரிவு தெரிந்தவருக்கும் பெரியம்மாவுக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

என் அனுபவத்தில், ஒரு சுருக்கப் பெயரின் விரிவை விட அது எந்த இடத்தில் நின்று எந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் முக்கியம். டிவிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நாலைந்து பேர் வரிசையாக நின்று வாளி மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் யார் கையில் வாளி நின்றுபோனது என்று பார்க்க வேண்டும். அந்த வரிசையில் டிவியின் பக்கத்திலிருந்து வெளியே நடந்து பார்ப்போம்.

வைஃபை: சுருக்கமே இல்லாத சுருக்கம்

எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது. ஆனால் இது எதற்கும் சுருக்கம் இல்லை. ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’ என்று பல கைடுகளில் இருக்கும்; அது பின்னால் ஒட்டவைத்த கதை. இந்தத் தொழில்நுட்பத்தின் சொந்தப் பெயர் ஐஇஇஇ 802.11. ஐஇஇஇ என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு. ‘ஐ ட்ரிபிள் இ’ என்று சொல்வார்கள். கடையில் போய் “802.11 இருக்கா?” என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், 1999இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனத்திடம் கொடுத்து வைத்த வணிகப் பெயர்தான் வைஃபை. பழைய ஆடியோ செட்டுகளில் இருந்த ‘ஹைஃபை’ காதில் ஒலிக்கட்டும் என்று வைத்தது. பெயர் வைத்த பிறகு, அதற்கு ஏதாவது பொருள் இருக்க வேண்டுமே என்று ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’யை விளம்பர வாசகத்தில் சேர்த்தார்கள். அது நிலைத்துவிட்டது.

பெயரை விடப் பெரிய குழப்பம் வேறு. நம்மில் பாதிப் பேர் இணையத்தையே வைஃபை என்கிறோம். “வைஃபை போட்டாச்சா?” என்றால் இணைய இணைப்பு வாங்கியாயிற்றா என்று பொருள். உண்மையில் வைஃபை என்பது ரூட்டருக்கும் உங்கள் போனுக்கும் நடுவே உள்ள பத்துப் பதினைந்து மீட்டர் மட்டும்தான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய்வரை வரும் பைப் மாதிரி. பைப் நன்றாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் இருக்காது. வைஃபை நாலு கோடும் ஃபுல்லாக இருந்து நெட் வராமல் போவது இப்படித்தான்.

வீட்டுக்குள் இருக்கும் இந்தச் சின்ன வலைக்கு லேன் என்று பெயர். லோக்கல் ஏரியா நெட்வொர்க். வயர் வழியாக வந்தாலும் வைஃபை வழியாக வந்தாலும் வீட்டு எல்லைக்குள் இருப்பதெல்லாம் லேன். வாசலைத் தாண்டினால் வேன். வைடு ஏரியா நெட்வொர்க். ரூட்டரின் பின்பக்கம் இந்த இரண்டு பெயரும் அச்சிட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் வயரை லேன் துளையில் செருகிவிட்டு மணிக்கணக்கில் தவித்தவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒருவன்.) லேன் என்பதிலேயே நெட்வொர்க் இருக்கும்போது ‘லேன் நெட்வொர்க்’ என்று சொல்வது, ஏடிஎம் மெஷின், பின் நம்பர் வகையறா. ஏடிஎம்மின் கடைசி எழுத்தே மெஷின்தான். யாருக்கும் நஷ்டமில்லை, சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு 5ஜி இன்னொரு 5ஜி இல்லை

போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் தெரியும். ஒன்றின் வாலில் ‘5ஜி’ என்று இருக்கும். இப்படித் தெரியும் பெயருக்கு எஸ்எஸ்ஐடி என்று சொல்வார்கள். ரூட்டர் தன் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை, அவ்வளவுதான். “எங்க ரூட்டர்ல 5ஜி வருது, போன்ல 5ஜி இல்லையே, எப்படி?” என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர்.

கைபேசி கோபுரத்தின் 5ஜியில் ‘ஜி’ என்றால் ஜெனரேஷன். ஐந்தாம் தலைமுறை. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கியது. ரூட்டரின் 5ஜியில் ‘ஜி’ என்பது கிகாஹெர்ட்ஸ், அதாவது ரேடியோ அலை எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதன் அளவு. ரூட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசலும் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துபோகும். ஹாலில் ரூட்டர் இருந்தால் ஹால் டிவிக்கு 5, பின்கட்டுக்கு 2.4. அப்புறம், 64 ஜிபி மெமரி கார்டில் இருக்கும் ‘ஜி’யும் கிகாஹெர்ட்ஸில் வரும் அதே கிகாதான், ஆனால் அது அளப்பது அலையை இல்லை, சேமிப்பு இடத்தை. ஒரே எழுத்து, மூன்று ஜாதகம்.

இதுவரை நடந்த தூரம்: வைஃபை வீட்டுக்குள்ளான ரேடியோ பேச்சு, அது ஓடும் வீட்டு வலை லேன், வாசலுக்கு வெளியே வேன். வைஃபை கோடுகள் ரூட்டர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, நெட் வருகிறதா என்று சொல்லாது.

சிவப்பாகச் சிமிட்டும் எல்ஓஎஸ்

வெளியிலிருந்து இணைப்புத் தரும் நிறுவனத்தை ஐஎஸ்பி என்கிறோம். இன்டர்நெட் சர்வீஸ் புரொவைடர். இப்போது ஊரெல்லாம் கண்ணாடி இழைதான் வருகிறது. தலைமுடி கனத்துக்கு ஓர் இழை, அதற்குள் ஒளியாகத் தகவல். அந்த ஒளியை மின்சாரச் சைகையாக மாற்றும் பெட்டிதான் ஓஎன்டி; ஆப்டிகல் நெட்வொர்க் டெர்மினல். பல வீடுகளில் ரூட்டரும் ஓஎன்டியும் ஒரே பெட்டி.

அதன் நெற்றியில் இரண்டு விளக்குகளைப் பார்த்தால் போதும். பிஓஎன், அதாவது இழை இணைப்பின் விளக்கு, பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எல்ஓஎஸ் எரியவே கூடாது. எல்ஓஎஸ் என்பது லாஸ் ஆஃப் சிக்னல். அது சிவப்பாகச் சிமிட்டினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். எங்கோ பள்ளம் தோண்டி இழையை அறுத்திருப்பார்கள், அணில் கடித்திருக்கும், அல்லது சோபாவை நகர்த்தும்போது வயர் மடங்கியிருக்கும். நீங்கள் ரூட்டரைப் பத்து தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை. ஆள்தான் வர வேண்டும்.

பிஓஎன் என்பதன் முதலெழுத்து ‘பேசிவ்’. வழியில் இழையை 32, 64 வீடுகளுக்குப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே வேண்டாம் என்பதை அந்தச் சொல் குறிக்கிறது. அதனால்தான் தெருவில் கரண்ட் போனாலும், உங்கள் ஓஎன்டியை யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் நெட் பெரும்பாலும் ஓடும்.

பெரியம்மாவிடம் கேட்டேன். பிஓஎன் பச்சை, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது. ஆக, இழை அறுபடவில்லை.

ஐபி வாங்குவது என்றால் என்ன?

ஐபி என்பது இன்டர்நெட் புரோட்டோகால். புரோட்டோகால் என்றால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பேச்சு ஒழுங்கு. போனை எடுத்ததும் நாம் “ஹலோ” சொல்கிறோம், எதிர்முனை “யார் பேசறது?” என்கிறது, அது மாதிரி. இணையத்தில் ஒவ்வொரு தகவல் துண்டிலும் பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் இருக்க வேண்டும் என்பது ஐபியின் அடிப்படை ஒழுங்கு. அந்த முகவரிதான் ஐபி முகவரி. 192.168.1.6 என்பது போல நாலு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை.

இந்த முகவரியை உங்கள் போனுக்கு யார் கொடுக்கிறார்கள்? ரூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் டிஎச்சிபி. டைனமிக் ஹோஸ்ட் கன்ஃபிகரேஷன் புரோட்டோகால் என்று நீட்டி முழக்குவார்கள். வேலை என்னவோ லாட்ஜ் ரிசப்ஷன் வேலைதான். நீங்கள் உள்ளே வந்ததும் காலியாக இருக்கும் அறை ஒன்றின் சாவியைத் தருவார். “நாளைக்குக் காலையில மறுபடி சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்” என்பார். டிஎச்சிபியும் முகவரியைக் குத்தகைக்குத்தான் விடுகிறது. நேரம் முடிவதற்குள் கருவி அதைப் புதுப்பித்துக்கொள்ளும். சாவியோடு இன்னும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புவார்: வெளியே போகும் வாசல் எது, ஊரில் யாரைப் பற்றியாவது விசாரிக்க வேண்டுமென்றால் யாரைக் கேட்பது. இந்த இரண்டாவதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

‘ஐபி வாங்குதா’ என்று அந்தப் பெண் கேட்டது இதே கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான், கொஞ்சம் வெளியே தள்ளி: ரூட்டர் ஐஎஸ்பியிடம் ஒரு முகவரி வாங்கியிருக்கிறதா என்பது கேள்வி. வீட்டுக்குள் இதைச் சோதிப்பது சுலபம். போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் ஐபி முகவரி தெரியும். கணினியில் பார்க்கும்போது அது 169.254 என்று தொடங்கினால், ரிசப்ஷனில் ஆள் இல்லை, சாவி கிடைக்காமல் கருவி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறது என்று பொருள்.

இங்கே மேக் முகவரியையும் சொல்லிவிடலாம், ஐபியோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஆப்பிள் கணினிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது மீடியா ஆக்சஸ் கன்ட்ரோல். உங்கள் பைக்கின் சேஸிஸ் நம்பரையும் ஸ்டாண்டில் தரும் பார்க்கிங் டோக்கனையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் தொழிற்சாலையில் அடித்தது; எந்த ஊர் ஸ்டாண்டுக்குப் போனாலும் அதேதான். டோக்கன் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மாறும். மேக் சேஸிஸ் நம்பர், ஐபி டோக்கன். ஒரு சின்னத் திருத்தம்: சில வருஷங்களாகப் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. மால், விமான நிலையம் என்று போகுமிடமெல்லாம் ஒரே எண்ணை வைத்து உங்களைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. பையன் போனை மேக் முகவரி போட்டு ரூட்டரில் தடுத்தும் அவன் ஜாலியாக கேம் ஆடுகிறான் என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் 192.168, என் வீட்டிலும் 192.168

முகவரி என்றால் உலகத்தில் ஒருவருக்கு ஒன்றுதானே இருக்க வேண்டும்? பக்கத்து வீட்டிலும் 192.168.1.6 இருக்கிறதே?

1981இல் ஐபியின் நான்காம் பதிப்பை வகுத்தபோது முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். பிட் என்பது கணினியின் ஆகச் சிறிய தகவல் துளி. ஒன்று அல்லது பூஜ்யம். 32 பிட்டில் சுமார் 429 கோடி முகவரிகள் வரும். சில பல்கலைக்கழகங்களும் ராணுவ ஆய்வகங்களும் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது கடல். பிறகு ஆளுக்கு இரண்டு போன், டிவி, வாட்டர் ஹீட்டர் என்று எல்லாம் இணையத்துக்கு வந்தன. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி மத்தியக் கையிருப்பின் கடைசி மொத்தத்தையும் உலகின் ஐந்து மண்டலங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

ஆனால் முகவரி தீர்ந்த பிறகும் நாம் புதுப் போன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எப்படி? நாட் செய்யும் வேலை அது. நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பாருங்கள். தெருவுக்குத் தெரிந்த கதவு எண் ஒன்றுதான். உள்ளே ஏ3, பி7 என்று நாற்பது வீடு. இந்தக் குடியிருப்பில் ஒரு விசித்திரமான வாட்ச்மேன். வெளியே போகும் கடிதங்களையெல்லாம் வாங்கி, அனுப்புநர் இடத்தில் ‘பி7’ என்பதை அடித்துவிட்டுக் குடியிருப்பின் கதவு எண்ணை மட்டும் எழுதுகிறார். கூடவே ஒரு டோக்கன் நம்பர். தன் நோட்டில் ‘டோக்கன் 41 என்றால் பி7’ என்று குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் டோக்கனைப் பார்த்து பி7க்குக் கொடுக்கிறார். நோட்டில் இல்லாத டோக்கனோடு கடிதம் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். ரூட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்வது இதைத்தான். 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லும்படி ஒதுக்கப்பட்டவை. எல்லாக் குடியிருப்பிலும் ஒரு பி7 இருப்பதில் தப்பில்லை அல்லவா?

இதற்கு நிரந்தரத் தீர்வு ஐபியின் ஆறாம் பதிப்பு. அதில் முகவரிக்கு 128 பிட். மொத்த எண்ணிக்கை 39 இலக்கம் வரும். நம் கைபேசி இணைப்புகள் பல ஏற்கெனவே அதற்கு மாறிவிட்டன. (ஐந்தாம் பதிப்பு எங்கே என்று கேட்பீர்கள், ஒரு சோதனைக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டதால் தாண்டிப் போனார்கள்.)

‘உன் ஐபி தெரியும், வீட்டுக்கு வந்துவிடுவேன்’ என்று ஆன்லைன் விளையாட்டில் பையன்களை மிரட்டுவார்கள். வெளியில் தெரியும் ஐபியை வைத்து ஐஎஸ்பி யார், எந்த ஊர்ப்பக்கம் என்று ஏறக்குறையச் சொல்லலாம். இன்ன நேரத்தில் அது எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பது ஐஎஸ்பியின் பதிவேட்டில் இருக்கும். போலீஸ் முறைப்படி கேட்டால் கிடைக்கும். விளையாட்டில் சண்டை போடுபவனுக்குக் கிடைக்காது.

சுருங்கச் சொன்னால்: மேக் கருவியின் எண், ஐபி அது இப்போது இருக்கும் இடம், டிஎச்சிபி இடம் கொடுப்பவர், நாட் வாசலில் நோட்டோடு நிற்பவர்.

பெரியம்மா போனைப் பேரன் பார்த்துச் சொன்னான்: 192.168.1.6. ரிசப்ஷனில் ஆள் இருக்கிறார்.

டிஎன்எஸ்: பெயரைச் சொன்னால் எண்ணைத் தருபவர்

உங்கள் மனைவியின் போன் நம்பர் உங்களுக்கு மனப்பாடமா? நமக்குத் தெரிந்ததெல்லாம் பெயர். நம்பர் கான்டாக்ட்ஸில் இருக்கிறது. அந்தப் பட்டியல் அழிந்தால் போன் நன்றாக இருக்கும், டவர் இருக்கும், பேலன்ஸ் இருக்கும், ஆனால் யாரையும் கூப்பிட முடியாது. இணையத்தில் அந்தப் பட்டியல்தான் டிஎன்எஸ். நீங்கள் தட்டுவது தளத்தின் பெயர். கணினிக்கு வேண்டியது ஐபி எண். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தருவது இவர் வேலை.

தொடக்கத்தில் நிஜமாகவே ஒரு பட்டியல்தான் இருந்தது. இணையத்தின் முன்னோடியான, அமெரிக்க ராணுவத்தின் ஆர்பாநெட் வலையின் காலத்தில், உலகிலிருந்த இணையக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்பவரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வைத்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்காது என்று தெரிந்ததும், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

அவர் செய்தது பட்டியலை உடைத்து ஊருக்கு ஊர் பிரித்துக் கொடுத்தது. தபால்காரர் நம் முகவரியைக் கீழிருந்து மேலாகப் படிப்பதைப் போல, தளப் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ‘காம்’, ‘இன்’ என்று இருப்பது மாவட்டம் மாதிரி. உங்கள் சார்பில் டிஎன்எஸ் விசாரிப்பாளர் முதலில் உச்சியில் உள்ளவரிடம் “‘இன்’னைப் பற்றி யாரைக் கேட்பது?” என்கிறார், அவர் காட்டும் ஆளிடம் அடுத்த பகுதியைக் கேட்கிறார், அங்கிருந்து கடைசி எண் கிடைக்கிறது. ஒருமுறை விசாரித்ததைச் சிலகாலம் மனசில் வைத்துக்கொள்வதால் மறுமுறை கேட்டால் உடனே பதில்.

தமிழிலும் இந்தக் கடைசிப் பகுதி உண்டு. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் தமிழ் எழுத்திலேயே பதிவான முகவரி முடிவுகள். உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும் என்பதால், ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஒரு பொருளற்ற எழுத்துக்கோவையாக அது மொழிபெயர்ந்து போகிறது. நம் கண்ணுக்குத் தமிழ்.

டிஎன்எஸ் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒருநாள் பார்த்தது. 2021 அக்டோபர் 4, நம் நேரம் இரவு 9 மணி வாக்கில் ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் மறைந்தன. பராமரிப்பின்போது போட்ட ஒரு தவறான கட்டளையால் அந்த நிறுவனத்தின் உள்வலை துண்டானது. அதைக் கண்ட அதன் டிஎன்எஸ் கணினிகள், ‘எங்களிடம் வர இதுதான் வழி’ என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பைத் தாங்களே விலக்கிக்கொண்டன. அந்த வழி அறிவிப்புக்குப் பெயர் பிஜிபி. பார்டர் கேட்வே புரோட்டோகால், பெரிய வலைகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் முறை. தகவல்கள் எதுவும் அழியவில்லை. விலாசம் கேட்டால் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். சுமார் ஆறு மணி நேரம் ஆனது.

தபாலட்டைகளும் உறையும்

முகவரி கிடைத்துவிட்டது, இனி பக்கம் வர வேண்டும். அது மொத்தமாக வராது. இணையம் எதையும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக நறுக்கித்தான் அனுப்பும். பெரிய கடிதத்தைத் தபாலட்டைகளில் பகுதி பகுதியாக எழுதி 1, 2, 3 என்று எண் போட்டு அனுப்புவது போல. ஓர் அட்டையில் வழக்கமாக 1500 பைட் வரை கொள்ளும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 3 எம்பி அளவுள்ள ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 2000 அட்டைகள்.

அட்டைகள் வழியில் தொலையலாம், 7க்கு முன்னால் 9 வரலாம். அதைச் சரிபார்ப்பவர் டிசிபி. டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் புரோட்டோகால். வந்த அட்டைகளுக்கு ஒப்புகை அனுப்புவார், தொலைந்ததை மறுபடி வாங்குவார், வரிசையாக அடுக்குவார். விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் எழுதிய யோசனை இது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் டிசிபி, ஐபி ஜோடிக்கு மாறியது. இன்னொருவர் யுடிபி. இவர் ரேடியோ வர்ணனையாளர் மாதிரி. நீங்கள் ஒரு பந்தைத் தவறவிட்டால் உங்களுக்காகத் திரும்பச் சொல்லமாட்டார். வீடியோ காலில் நடுவே ஒரு சொல் விழுங்கிப்போகிறதே, அங்கே பெரும்பாலும் இவர்தான். பேச்சில் பழைய சொல்லைத் தேடிக் கொண்டுவருவதைவிட அடுத்த சொல் நேரத்துக்கு வருவதே மேல்.

தபாலட்டை என்றால் வழியில் யாரும் படிக்கலாம். எச்டிடிபி, அதாவது பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் மொழி, முதலில் அப்படித்தான் இருந்தது. கடைசியில் ‘எஸ்’ சேர்ந்தால் எழுதியதெல்லாம் பூட்டிய உறைக்குள் போகும். எஸ் என்றால் செக்யூர். இதில்தான் பணம் இழக்குமளவு ஒரு தப்பெண்ணம் இருக்கிறது: ‘பூட்டுப் படம் இருக்கு, நம்பிக்கையான சைட்.’ இல்லை. பூட்டு சொல்வது, வழியில் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதை மட்டும். உறையின் மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. திருடனும் எச்டிடிபிஎஸ் தளம் வைக்கலாம், செலவே இல்லாமல். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரவுசர் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. பூட்டைப் பார்ப்பதைவிட முகவரியின் எழுத்துகளைக் கூட்டிப் படியுங்கள்.

எம்பியும் எம்பிபிஎஸ்ஸும்

‘100 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் டவுன்லோடில் 12 எம்பிதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள்.’ வாரத்துக்கு ஒருவராவது சொல்வது. ஏமாற்று வேலை நடக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்தக் கணக்கு சரிதான். எம்பிபிஎஸ்ஸில் வரும் ‘பி’ பிட். நொடிக்கு எத்தனை மெகாபிட். கோப்பின் அளவான எம்பியில் வரும் ‘பி’ பைட். ஆங்கிலத்தில் ஒன்றுக்குச் சின்ன எழுத்து, மற்றதற்குப் பெரிய எழுத்து போட்டுப் பிரிக்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசமும் போய்விடுகிறது. எட்டால் வகுங்கள்: 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 எம்பி. 1 ஜிபி படம் இறங்க 80 நொடி. அதே வேகத்தில் போனின் ‘தினம் 2 ஜிபி’ மூன்று நிமிஷம்கூடத் தாங்காது.

கணக்குச் சண்டை இன்னொன்றும் உண்டு. 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. உள்ளே எதுவும் குறையவில்லை.

போன் விளம்பரத்தின் ‘8 ஜிபி ரேம், 128 ஜிபி ரோம்’ பற்றியும் ஒரு வரி. ரேம் வேலை செய்யும் மேசை. கரண்ட் போனால் மேசை காலி. ரோம் என்றால் ரீட் ஒன்லி மெமரி, படிக்க மட்டும். போட்டோவை எழுதி எழுதி அழிக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை. அது ஸ்டோரேஜ், அலமாரி. விளம்பரக்காரர்களுக்கு எதுகை பிடித்துப்போய்விட்டது போல.

பெரியம்மா வீட்டு டிவி

இழை சரி, ஐபி சரி, வைஃபை ஃபுல். பாக்கி ஒருவர்தான். பேரனிடம் பிரவுசரில் தளப் பெயர் எதுவும் போடாமல், வெளியே உள்ள ஒரு பொதுத் தளத்தின் ஐபி எண்ணான 1.1.1.1 என்பதை மட்டும் தட்டச் சொன்னேன். பக்கம் திறந்தது. பெயர் போட்டால் திறக்கவில்லை. ‘டிஎன்எஸ்’ என்று தொடங்கும் ஓர் ஆங்கில வரிதான் வந்தது. பாதை திறந்திருக்கிறது, விலாசம் சொல்பவர்தான் தூங்குகிறார். ஐஎஸ்பியின் டிஎன்எஸ் படுத்துவிட்டது.

பக்கத்துத் தெருதான், நடந்தே போனேன். ரூட்டரின் உள்பக்கம் 192.168.1.1 என்ற எண்ணில் திறக்கும். அங்கே டிஎச்சிபி பகுதியில், ‘யாரைப் போய் விசாரிப்பது’ என்ற கட்டத்தில் கூகுள் பொதுவில் நடத்தும் 8.8.8.8 என்ற எண்ணைப் போட்டேன். லாட்ஜ் ரிசப்ஷனில் எழுதிவைத்தால் போதும், எல்லா அறைக்கும் தகவல் போய்விடும். ஒவ்வொரு போனாகத் திறக்க வேண்டாம். ஏற்கெனவே சாவி வாங்கிக்கொண்டவர்கள் மட்டும் ஒருமுறை வெளியே போய் உள்ளே வர வேண்டும். டிவியை அணைத்துப் போட்டோம். சீரியல் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

பெரியம்மா பேனாவோடு காலண்டர் பக்கம் போனார். “எட்டு எட்டு எட்டு எட்டுதானே?” என்று கேட்டு எழுதினார். தேதித் தாளில் எழுதினால் நாளைக்குக் கிழித்துவிடுவார்கள் என்று, மேலே முருகன் படத்து அட்டையின் ஓரத்தில்.